வெட்டுத்துண்டு இல்லாத கோடு

பள்ளி விழா மலர்க் குழுவிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. நம் வகுப்பில் படித்த எல்லோருக்கும் போன அதே கேள்விதான். "பள்ளி வாழ்வில் உங்களால் மறக்க முடியாத இனிய நிகழ்வு எது?" இரண்டு பக்கத்துக்குள் எழுத வேண்டுமாம். அனுப்பியவர் அன்று நமக்கு வகுப்புத் தலைவன், இன்று விழாக் குழுவுக்குத் தலைவர். சிலருக்குத் தலைமை சர்க்கரை வியாதி மாதிரி. ஒருமுறை வந்துவிட்டால் போகாது.

நீங்கள் எழுதி அனுப்பியதையெல்லாம் வாட்ஸாப் குழுவில் படித்துவிட்டேன். ஒருவர் பள்ளி வாசலில் விற்ற உப்பு நெல்லிக்காயை எழுதியிருக்கிறார். ஒருவர் ஆண்டு விழா நாடகத்தில் தனக்கு மீசை கழன்று விழுந்ததை எழுதியிருக்கிறார். முக்கால்வாசிப் பேர் கணக்கு சாரை எழுதியிருக்கிறீர்கள். அவர் இல்லாவிட்டால் நாமெல்லாம் எங்கே என்று. விழாவே அவருக்குப் பொன்னாடை போர்த்தத்தானே. நானும் அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பக்கம் கூடும். வேலைக்காலம் முழுவதும் அடுத்தவர் எழுதியதைச் சுருக்கிக் குறிப்பு எழுதியவள் நான். ஓய்வு பெற்ற பிறகாவது சுருக்காமல் எழுதிவிட்டுப் போகிறேன்.

நாம் பத்தாம் வகுப்பு படித்த வருடம். சம்பா பயிர் வயலில் நின்ற காலம். ஐப்பசி மழையில் நம் வகுப்பின் பின்வரிசை ஒழுகும். பெஞ்சுகளை நகர்த்தி நகர்த்திக் கடைசியில் எல்லோரும் கரும்பலகைக்கு அருகில் வந்துவிடுவோம். பலகைக்குக் கரியும் கோவை இலையும் சேர்த்துத் தேய்த்திருப்பார்கள். ஈரக் காற்றில் அந்தப் பச்சை வாடை தூக்கலாக வரும். இப்போது எந்தப் பள்ளியிலும் அந்த வாடை இல்லை. பலகையும் இல்லை. அந்த மழையில்தான் சார் நேர்கோட்டுச் சமன்பாட்டை ஆரம்பித்தார்.

மறந்திருப்பீர்கள், நினைவுபடுத்துகிறேன். ஒரே கோட்டைப் பல வடிவங்களில் எழுதலாம். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து மறுபக்கம் சைபர் போட்டால் அது பொது வடிவம். y-ஐ மட்டும் பிரித்துத் தனியே நிறுத்தினால் சாய்வு வடிவம். கோடு எவ்வளவு சரிந்து போகிறது என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். மூன்றாவது வெட்டுத்துண்டு வடிவம். குறுக்கே ஒரு தெரு, நெடுக்கே ஒரு தெரு, இரண்டும் கூடுகிற நாற்சந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கோடு குறுக்குத் தெருவை நாற்சந்தியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வெட்டுகிறது, நெடுக்குத் தெருவை எவ்வளவு தூரத்தில் வெட்டுகிறது என்ற இரண்டையும் பார்த்தவுடன் சொல்லும் வடிவம் அது. வலப்பக்கம் ஒன்று என்று இருக்க வேண்டும். அதற்காக, வலப்பக்கத்தில் நிற்கிற எண்ணால் முழுவதையும் வகுக்க வேண்டும். 3x − 2y = 6 என்றால் ஆறால் வகுக்கிறோம். x/2 − y/3 = 1 என்று வரும். அவ்வளவுதான் வித்தை.

வடிவம் மாறினாலும் கோடு மாறுவதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஆள் இடத்துக்கு ஒரு ஆளாக இருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்பாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை. அங்கே சங்கத் தலைவர் வந்தால் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் மிராசுதார். மிராசு போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. குரல் மட்டும் மிச்சம். எந்தச் சட்டையைப் போட்டாலும் உள்ளே அதே கோடு என்று சார் சொன்னபோது, உலகத்தில் அப்படியும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

சாய்வை விளக்கச் சார் மலையை உதாரணம் காட்டினார். நம்மில் ஒருவரும் மலையைப் பார்த்ததில்லை. நம் ஊரில் மேடு என்றால் சுடுகாட்டு மேடு, அதை விட்டால் ஆற்றங்கரை. வாட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்வரிசைவரை புரிந்திருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பது நம் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். ஆனால் கைடில் மலைதான் இருந்தது.

வாட்டத்தை நான் வேறு இடத்தில் பார்த்திருந்தேன். அதற்கு முந்தின கோடையில், வாய்க்கால் காய்ந்து கிடந்தபோது, அளவெடுக்க ஒரு இன்ஜினியர் வந்தார். முக்காலியில் நிறுத்திய பித்தளைக் குழாய் ஒன்று. தூரத்தில் எண் போட்ட நெட்டைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுக் குழாய்க்குள் பார்க்கச் சொன்னார். உள்ளே கட்டை பிடித்தவர் தலைகீழாக நின்றார். வானம் கீழே, வாய்க்கால் மேலே.

"என்ன சார், ஆளு கவுந்து நிக்கிறாரு?"

"அது அப்படித்தான் காட்டும். ஆள விட்டுடு. எண்ண மட்டும் படி."

படித்தேன். கட்டையை இன்னும் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி படிக்கச் சொன்னார்.

"முன்னைக்கு இப்ப கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

"கூடியிருக்கு சார்."

"அப்ப தரை எறங்கியிருக்கு. தண்ணி அந்தப் பக்கம் போவும்."

குழாயிலிருந்து முகத்தை எடுத்தபோது பூமி பழையபடி பாய் விரித்த மாதிரிதான் கிடந்தது. ஆனால் எனக்கு அன்றிலிருந்து அது தட்டையாக இல்லை. இந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எதையும் நான் அவ்வளவு வேண்டும் என்று நினைத்ததில்லை, கல்யாணம் உட்பட.

அந்த வேலைக்குப் பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் வேண்டும், கணக்கும் விஞ்ஞானமும் சேர்ந்தது. நம் பள்ளிக்கு அப்போதுதான் மேல்நிலை வகுப்பு கொடுத்திருந்தார்கள். யார் யாருக்கு முதல் குரூப் என்பதை அரைப்பரீட்சைக் கணக்கு மார்க்கை வைத்துச் சார் சொல்வார், தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார். வெளியே படிப்பதென்றால் குத்தாலம் தாண்டி மாயவரத்துக்கு பஸ் ஏற வேண்டும். பெண்ணை பஸ்ஸில் அனுப்புவதில்லை என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆக எனக்கு இருந்தது ஒரே கதவு. அதன் சாவி சாரிடம்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவளை உங்களில் சிலருக்காவது நினைவிருக்க வேண்டும். நாகப்பட்டினம் கடற்கரைக்காரி. அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். இங்கே விடுதியில் தங்கிப் படித்தாள். லீவு முடிந்து வரும்போது டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் கருவாடு கொண்டுவருவாள். அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால்கூட அந்த வாடை வரும். பையன்கள் அவளுக்குக் கப்பல் என்று பெயர் வைத்திருந்தீர்கள்.

"கப்பல் இருந்தா நான் ஏண்டா இங்க வந்து ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு கெடக்குறேன்" என்பாள்.

உங்களில் பெரும்பாலோர் காலையில் சார் வீட்டு டியூஷனுக்குப் போனீர்கள். விடுதியிலிருந்து விடமாட்டார்கள் என்பதால் அவள் போகவில்லை. எங்கள் வீட்டில் டியூஷன் கௌரவக் குறைவு என்பதால் நான் போகவில்லை. அங்கே என்ன நடக்கும் என்று நீங்களே பெருமையாகச் சொல்வீர்கள். சார் கைடைப் பிரித்துக் கேள்வியை ஆரம்பிப்பார். பாதிக் கேள்வியிலேயே நீங்கள் விடையைச் சொல்லிவிட வேண்டும். முழுக் கேள்வியையும் கேட்டுக்கொண்டிருப்பவன் மந்தம். "மூணு எக்ஸ் மைனஸ் ரெண்டு ஒய்" என்று சார் சொல்லி மூச்சு வாங்குவதற்குள் "எக்ஸ் பை ரெண்டு மைனஸ் ஒய் பை மூணு" என்று வீடே அதிருமாம். எதிர்வீட்டு மாட்டுக்குக்கூடக் கணக்கு தெரியும் என்று நம் தலைவர் ஜோக் அடிப்பார். அது ஜோக்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்த அரைப்பரீட்சைக்கு முன் தலைமையாசிரியர் காலைப் பிரார்த்தனையில் ஓர் உத்தரவு போட்டார். கைடில் உள்ள கணக்கை அப்படியே எடுத்துக் கேள்வித்தாளில் போடக் கூடாது. கணக்கு சார் உத்தரவை மதித்தார். கைடுக் கணக்கை எடுத்துக்கொண்டார், அதில் ஓர் எண்ணை மாற்றினார். எண் மாறினால் புதுக் கணக்கு. இதில் அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. போன வருட ஆணையில் வருடத்தை மட்டும் திருத்தி இந்த வருடம் அனுப்புவதை நான் பிற்பாடு எத்தனையோ மேசைகளில் பார்த்திருக்கிறேன். பல சமயம் ஒன்றும் ஆகாது. சில சமயம், மாற்றிய இடத்தில் கணக்கே செத்துப்போயிருக்கும். மாற்றியவருக்குத் தெரியாது. அவர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மார்கழிப் பனி. விரல் விறைத்துப் பேனா வழுக்கியது. சைக்ளோஸ்டைல் செய்த கேள்வித்தாளில் மை காயாமல் கட்டைவிரலில் ஒட்டியது. அந்த மண்ணெண்ணெய் கலந்த மாதிரி வாடையில் எனக்கு எப்போதும் கொஞ்சம் உற்சாகம் வரும். நன்றாகவே எழுதிக்கொண்டு போனேன். நடுவில் அந்தக் கேள்வி. "3x − 2y = 0 என்ற சமன்பாட்டை வெட்டுத்துண்டு வடிவில் எழுதுக."

வலப்பக்கம் சைபர். சைபரால் எதையும் வகுக்க முடியாது. முடியாது என்பது கணக்கின் விதி மட்டுமல்ல. படம் போட்டுப் பார்த்தாலே தெரியும். அந்தக் கோடு நாற்சந்தியின் நடுவிலேயே போகிறது. நாற்சந்தியில் நிற்கிறவனைப் பார்த்து, குறுக்குத் தெருவில் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறாய், நெடுக்குத் தெருவில் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறாய் என்றால் அவன் என்ன சொல்வான்? அந்தக் கோட்டுக்குச் சாய்வு உண்டு, பொது வடிவம் உண்டு. வெட்டுத்துண்டு வடிவம் கிடையாது. அது கோட்டின் குற்றமல்ல.

நான் எழுதியது இது: "இக்கோடு ஆதிப்புள்ளி வழியே செல்கிறது. எனவே இதனை வெட்டுத்துண்டு வடிவில் எழுத இயலாது. சாய்வு வடிவில் எழுதினால் y = 3x/2. கேள்வி தவறு."

கடைசி இரண்டு வார்த்தையை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பரீட்சை முடிந்து அடிபம்பில் கை கழுவும்போது என் பக்கத்துக் கடற்கரைக்காரியிடம் கேட்டேன், அந்தக் கணக்குக்கு என்ன எழுதினாய் என்று.

"எந்தக் கணக்கு? எனக்குத் தெரியாததெல்லாம் விட்டுட்டேன்."

"அது போட முடியாத கணக்குடி."

"அப்ப நான் விட்டதுதான சரி" என்று சொல்லிவிட்டு என்மேல் தண்ணீரை உதறினாள்.

பொங்கல் கழித்து விடைத்தாள் கொடுத்தார்கள். தெருவெல்லாம் கரும்புச் சக்கை. என் தாளில் மற்ற எல்லாக் கணக்குக்கும் மார்க் இருந்தது. அந்த ஒன்றின் மேல் மட்டும் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. ஓரத்தில் ஒரு சொல்: திமிர். அவளுடைய தாளில் அந்த இடம் காலி, சைபர் மார்க், வேறொன்றும் எழுதப்படவில்லை.

"பேசாம விட்டுருக்கலாம்ல" என்று காதில் கிசுகிசுத்தாள். "எனக்கும் சைபர்தான். ஏன்னு ஒருத்தரும் கேக்கல பாரு."

சார் என்னை எழுப்பினார்.

"கேள்வி தப்புன்னு எழுதிருக்கியே. யாரு போட்ட கேள்வின்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"வா. வந்து போர்டுல போட்டுக் காட்டு. போட்டுட்டா மார்க்கு தர்றேன்."

போனேன். 3x − 2y = 0 என்று எழுதினேன்.

"வெட்டுத்துண்டு வடிவத்துக்கு எதால வகுக்கணும்?"

"வலப்பக்கத்து எண்ணால சார்."

"வகு."

"சைபர் சார்."

"வகுன்னேன்."

சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நம் தலைவர் எழுப்பப்பட்டார். விறுவிறுவென்று வந்து, நான் எழுதிய வரிக்கு நேர் கீழே x/2 − y/3 = 1 என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மேல் வரியில் சைபர், கீழ் வரியில் ஒன்று. நடுவில் ஒரு வரியும் இல்லை. ஒரு படியை விட்டாலும் பிரம்பை எடுக்கிற சார் அன்று படி எங்கே என்று கேட்கவில்லை. "இதுல என்ன கஷ்டம்?" என்று மட்டும் கேட்டார். அது என்னைப் பார்த்து. அன்றிலிருந்து எனக்குப் பெயர் சைபர். இன்றும் குழுவில் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள், பின்னால் ஒரு மேடம் சேர்த்து.

நான் விடைத்தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். அவர் தமிழ்ப் பண்டிதர். செய்யுளில் ஓர் அசை குறைந்தால் தூக்கத்திலிருந்து எழுந்து சொல்வார். கணக்கு அவருக்கு ஆகாது. என் தாளை வாங்கி, கருத்துச் சொல்லுமாறு கணக்கு சாருக்கே ப்யூன் கையில் அனுப்பிவைத்தார். அன்று எனக்கு இது விநோதமாக இருந்தது. பிறகு நானே கோப்பு நகர்த்தும் அரசு வேலையில் சேர்ந்தேன். புகார் எப்போதும் யார்மேல் சொல்லப்படுகிறதோ அவர் மேசைக்குத்தான் முதலில் போகும். அறிக்கை கோருதல் என்று அதற்குப் பெயர்.

மறுநாள் கூப்பிட்டார்.

"மத்த புள்ளைங்கள்லாம் போட்டிருக்கேம்மா."

"அதைப் போட முடியாதுங்க சார்."

"முடியாதத எப்படிம்மா வகுப்பே போடும்? எல்லாருக்கும் ஒரே விடை வந்திருக்கு, ஒனக்கு மட்டும் வரல. அப்ப கோளாறு கேள்வியிலயா, ஒங்கிட்டயா?"

அதற்குப் பதில் எனக்கு இப்போதுதான் தெரியும். விடையே இல்லாத கேள்விக்கு ஒரு வகுப்பு முழுக்க ஒரே விடை எழுதியிருந்தால், விசாரணை தொடங்க அது ஒன்றே போதும். விதியும் இருக்கிறது. கேள்வி தவறாக அமைந்துவிட்டால் அதைத் தொட்ட எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட வேண்டும். ஒரு வரி உத்தரவு. நீங்கள் உங்கள் மார்க்கை வைத்துக்கொண்டிருக்கலாம், எனக்கும் என்னுடையது கிடைத்திருக்கும். ஆனால் அந்த உத்தரவு "கேள்வி தவறு" என்றுதான் ஆரம்பித்தாக வேண்டும். அந்த இரண்டு வார்த்தையை எழுத ஊரில் ஆள் இல்லை.

விஷயம் அப்பாவுக்குப் போனது. கொல்லையில் பழுத்திருந்த பூவன் தாரில் நல்ல சீப்பாகப் பார்த்து அறுத்து, மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார். சார் வாசலில் ஈசிசேரில் இருந்தார். அப்பா உட்காரவில்லை.

"சின்னப் பொண்ணு, தெரியாம எழுதிடுச்சு. நீங்க மனசுல வச்சுக்கக் கூடாது."

"எனக்கென்ன சார் கோவம். பொம்பளப் புள்ளைக்கு அடக்கம் வேணும். அதான்."

"நீங்களே சொல்லுங்க, அடுத்த வருஷம் எந்தக் குரூப்ல போடலாம்?"

சார் என்னைப் பார்த்தார். நான் அவர் பின்னால் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"வரலாறு குரூப் போடுங்க. ஞாபக சக்தி இருக்கு. கணக்கு அதுக்குச் சரிப்பட்டு வராது, பிடிவாதம் ஜாஸ்தி."

"நீங்க சொன்னா சரிங்க சார்" என்று அப்பா மஞ்சள் பையை நீட்டினார். சார் வாங்கி உள்ளே கொடுத்தார். காலிப் பை திரும்பி வந்தது. அப்பா அதை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வாய்க்கால் கரையோரமாகத் திரும்பி வந்தோம். வயலில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள், அறுப்புக்கு. கலங்கல் தண்ணீர் எங்களோடு கூடவே வந்தது.

"அப்பா, அது நெசமாவே தப்பான கேள்வி."

"இருக்கட்டும். கேக்குறவங்களுக்கு என்ன பதில் வேணுமோ அத எழுதுறதுதான் படிப்பு. நான் ஆபீஸ்ல என்ன செய்யறேன்னு நெனக்கிற?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வாழ்க்கையில் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பெண்ணுக்குக் கொடுக்கிற மாதிரி சொன்னார். அதனால்தான் அவரை மன்னிக்க எனக்கு இவ்வளவு காலம் பிடிக்கிறது.

முதல் குரூப் நம் பள்ளியில் தொடங்கியது. டியூஷன் கூட்டம் அப்படியே அதில் இடம் மாறி உட்கார்ந்தது. நான் சுவருக்கு அந்தப் பக்கம் வரலாறு குரூப்பில் பானிப்பட்டுப் போரைப் படித்தேன். பிறகு தபாலில் பி.ஏ., பிறகு தேர்வாணையப் பரீட்சை, பிறகு அலுவலகம். மனுவைக் குறிப்பாக்கி, குறிப்பை ஆணையாக்கி, ஆணையை மீண்டும் கடிதமாக்கினேன். ஒரே விஷயம், வேறு வேறு வடிவம். அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்வார்கள்.

ஒருமுறை ஒரு வாய்க்காலைச் சிமெண்டில் கட்டுகிற கோப்பு என்னிடம் வந்தது. வரைபடத்தில் மட்டங்களை எழுதியிருந்தார்கள். தண்ணீர் புறப்படுகிற தலைப்பை விட, போய்ச்சேர வேண்டிய கடைமடை மேடாக இருந்தது. அதாவது தண்ணீர் ஏறிப் போக வேண்டும். வாட்டம் எதிர்ப்பக்கம் இருக்கிறதே என்று குறிப்பு எழுதினேன். சம்பந்தப்பட்ட இன்ஜினியர் நேரில் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், இது டெக்னிக்கல் சமாச்சாரம். நீங்க ஹிஸ்டரி குரூப்புதான?"

ஆமாம், ஹிஸ்டரிதான் என்றேன். வாய்க்கால் கட்டப்பட்டது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனு வந்தது. அதை நான்தான் குறிப்பாக்கினேன்.

கடலோரத்துக்காரி பத்தாவதோடு ஊருக்குப் போய்விட்டாள். சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலையாக நாகப்பட்டினம் போனபோது தேடிப் பிடித்தேன். வீடு போயிருந்தது. அவளும் பிள்ளைகளும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். என் கையிலிருந்த படிவங்களைப் பார்த்துவிட்டு, "இதுலயாவது கேள்விய ஒழுங்கா போட்டுருக்கானுவளா?" என்று கேட்டாள். அந்த நிலையிலும் என்னைச் சிரிக்க வைத்தவள். உங்கள் குழுவில் அவள் இல்லை. அவள் எண் யாரிடமும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் இருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை.

போன மாதம், விழாவுக்குச் சாரை நேரில் அழைக்கும் பொறுப்பைக் குழு எனக்குக் கொடுத்தது. அவர் தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருக்கிறார், நானும் தஞ்சாவூர், அதனால். போனேன். பழம் வாங்கவில்லை.

உடம்பு வற்றியிருந்தது. காதில் கருவி. மகள் என் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை. அரைப்பரீட்சை என்று நான் ஆரம்பித்ததும் கண் மலர்ந்தது.

"சைபர் பொண்ணுதான நீ?"

"ஆமாம் சார்."

"அதுல சைபர் போட்டது நான்தாம்மா. கைடுல ஆறு. பெரிய சார் மாத்தச் சொன்னாருன்னு மாத்துனேன். ஒன் பேப்பரப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, வெட்டுத்துண்டு வராதுன்னு."

இதை அவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார், போன வாரம் மழை பெய்தது என்பது போல.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே சார்."

"எப்படிம்மா சொல்றது? கேள்வி தப்புன்னா, தப்பான கேள்விக்கு எல்லாப் பயலும் எப்படி ஒரே விடை எழுதுனான்னு வரும். டியூஷன்ல சொல்லிக்குடுத்தது வெளிய வரும். புதுசா குடுத்த குரூப்பு. அதுக்கு ஆள் சேரணும்ல?"

"என்னையும் சேத்துருக்கலாமே. அப்பாதான் வந்து மன்னிப்புக் கேட்டுட்டாரே."

அவர் சிரித்தார். பல் இல்லாத, கள்ளமில்லாத சிரிப்பு.

"அவனுங்கள்லாம் விடையப் படிச்சிட்டு வந்தவனுங்க. நீ ஒருத்திதான் கேள்வியப் படிச்சே. ஒன்ன வச்சுக்கிட்டு நான் ரெண்டு வருஷம் எப்படிக் காலந்தள்ளுறது?"

மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். அப்பாவுக்குப் பழைய மாணவர்கள் வந்தால் ரொம்ப சந்தோஷம் என்றாள். சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விழாவுல நீயும் பேசணும். நல்லதா ரெண்டு வார்த்தை."

நல்லதாக இரண்டு வார்த்தை என்ன என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். தெருவில் புதிதாகப் போட்ட சாக்கடையில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. நின்று பார்த்தேன். வாட்டம் தப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

மலர்க் குழுவுக்கு இதை அனுப்புகிறேன். போடுவதானால் முழுவதும் போடுங்கள். நீங்கள் கேட்டது, பள்ளி வாழ்வில் மறக்க முடியாத இனிய நிகழ்வு எது என்று. இந்த முறையும் கேள்வியை முழுவதும் படித்துவிட்டேன். மறக்க முடியாதது உண்டு; மேலே எழுதியிருக்கிறேன். நீங்கள் கேட்கிற வடிவில் எழுத இயலாது.

கேள்வி தவறு.